பதில் இல்லை

காற்று அடிக்கும், விமானம் வராது, கோர்ட் இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்று உலிபிகா திங்கட்கிழமையிலிருந்தே வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டாத நாளெல்லாம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்கிற காற்று, வேண்டிக்கொண்ட நாளில் இம்மிகூட அசையவில்லை. புதன்கிழமை காலை, கண் கூசுகிற ஏப்ரல் வெயிலில், விமானம் சமர்த்தாக வந்து பனியில் இறங்கியது. நீதிபதி இறங்கினார். அரசு வக்கீல் இறங்கினார். சாலமோனிக்காக வாதாடுகிற ஹாலரன் அம்மாள், குமாஸ்தா, கோப்புப் பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின.

"வந்து தொலைஞ்சாங்க," என்றாள் உலிபிகா.

"நீயும் அந்தக் கூட்டத்து ஆளுதானே?" என்றான் அவள் புருஷன் யூசி.

"இன்னிக்கு நான் யாரோட ஆளுன்னு எனக்கே தெரியல. சாயங்காலம் சாலமோனியைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?"

யூசி வாயைத் திறக்கவில்லை. மெல்லப் புருவத்தைத் தூக்கினான். நம் ஊரில் ஆமாம் என்பதற்கு அவ்வளவு போதும்.

வடகோடியில் இருக்கிற நம் நுவுக்தாக்குக்கு வருஷத்தில் நாலு தடவை கோர்ட் பறந்து வரும். வந்தால் ஊர்க்கூடத்தில் மேசை போட்டு உட்காரும். இருபத்தொரு வருஷமாக உலிபிகாதான் அதற்கு மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தை நம் மொழியான இனுக்டிடுட்டாக மாற்றிக் காதுக்கருவி வழியே கூடம் முழுக்கச் சொல்ல வேண்டும்; நம் ஆட்கள் சொல்வதை ஆங்கிலமாக்கி மேசைக்குச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை விட்டதில்லை, ஒரு வார்த்தை சேர்த்ததில்லை என்று அவளுக்கு ஒரு திமிரே உண்டு. சொந்தச் சித்தி மகன் சாட்சி சொல்ல வந்து உளறியதை உளறியபடியே மாற்றிச் சொன்னவள் அவள். அவன் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போடா என்று விட்டுவிட்டாள்.

ஆனால் இன்றைக்குக் குற்றவாளி நாற்காலியில் உட்காரப்போவது அவள் அப்பா.

அப்பாவுக்கு வயது இருபத்து நாலு, அவளுக்கு அறுபது. சிரிக்க வேண்டாம். சாலமோனி என்பது முதலில் அவளைப் பெற்றவரின் பெயர். அவளுக்கு ஆறு வயதில் ஒரு கோடையில் ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது. எல்லோரையும் ஏற்றி நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அப்பாவுக்குக் காசநோய் என்று அப்படியே கப்பலோடு தெற்கே கொண்டுபோனார்கள். கரைக்கு வந்து பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூட விடவில்லை. அடுத்த கோடையில் கப்பல் மட்டும் வந்தது. அவரை எங்கே புதைத்தார்கள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

முப்பது வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டில் ஒரு பையன் பிறந்தான். அவன் அம்மா அந்தப் பெயரை அவனுக்கு வைத்தாள். பெயர் வந்தால் ஆளே வந்தாயிற்று என்பது நம் வழக்கம். அன்றைக்கே உலிபிகா அந்தக் கைக்குழந்தையை அப்பா என்று கூப்பிட்டாள். அதுவும் லேசுப்பட்டதில்லை. ஏழு வயதில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வந்து, "மகளே, உன் காலணி ஈரமா இருக்கு, காயப்போடு," என்று அதட்டும். அவளும் காயப்போடுவாள்.

அந்தச் சாலமோனிமேல்தான் வழக்கு. பதினேழு மாதத்துக்கு முன்னால், நவம்பரில், ஊருக்குப் பொதுவான குளிர்க்கிடங்கு எரிந்துபோனது. யார் வேட்டையாடினாலும் மிச்சத்தை அங்கேதான் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொள்வார்கள். கரிபூ மான், சார் மீன், திமிங்கிலத் தோல் என்று குளிர்காலத்துக்கான அத்தனை இறைச்சியும் ஒரே சாயங்காலத்தில் கரியாகிவிட்டது. அந்தப் பக்கம் சாலமோனியின் பனிவண்டி போனதை ஒருத்தர் பார்த்திருந்தார். வேண்டுமென்றே தீ வைத்தான் என்று குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் இரண்டு வருஷத்துக்குமேல் தண்டனை வரும், அத்தனை நீண்ட தண்டனை என்றால் தெற்கே உள்ள சிறைதான்.

தெற்கே. அந்த ஒரு சொல்லுக்குத்தான் உலிபிகா பயந்தாள். அவன் தீ வைத்திருக்க மாட்டான் என்று அவள் முழுசாக நம்பினாள். தீப்பிடித்த வாரம் அவள் காய்ச்சலில் கிடந்தாள். வாயெல்லாம் கசந்து, உறைந்த சார் மீன் ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்று நாளெல்லாம் புலம்பினாளாம், யூசி சொல்லித்தான் அவளுக்கே தெரியும். எழுந்து நடமாடியபோது கிடங்கும் இல்லை, மீனும் இல்லை, அப்பாவைப் போலீஸ் அழைத்துப்போய்த் திருப்பி அனுப்பியிருந்தது. என்ன நடந்தது என்று அவள் அவனைக் கேட்கவில்லை. ஊரிலும் ஒருத்தர் கேட்கவில்லை. ஒருத்தர் செய்ததைப் பற்றி நாம் அவரை முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்பதில்லை, அது அநாகரிகம். கேட்டுவிட்டாலோ, பதில் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய அநாகரிகம்.

கோர்ட் ஆரம்பிக்கும் முன் குமாஸ்தா வழக்கமான படிவத்தை நீட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு உறவா?

"ரத்த உறவு இல்ல. எங்கப்பா பேரு அவனுக்கு. அதனால எனக்கு அவன் அப்பா," என்றாள் உலிபிகா.

"பேரு மட்டும்தானே? பரவாயில்ல, பரவாயில்ல," என்று குமாஸ்தா எழுதிக்கொண்டு போய்விட்டார். பேரு மட்டும்தானாமே!

கூடம் நிரம்பி வழிந்தது. ஓரத்தில் தேநீர்ப் பானை கொதித்தது. சாலமோனி கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு வந்து, போகிற போக்கில், "மகளே, சாப்பிட்டியா?" என்றான். அவள் புருவத்தைத் தூக்கினாள். பொய். காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நீதிபதி தெற்கிலிருந்து இரண்டு வாரத்துக்கு இரவலாக வந்தவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அடிக்கடி ஜன்னலைப் பார்த்தார். மூன்று மணிக்குள் கிளம்பாவிட்டால் மேகம் இறங்கிவிடும் என்று விமானி சொல்லியிருந்தாராம். அரசு வக்கீல் விட்கோம்புக்கு வடக்கே வந்து மூன்றாவது வாரம். ஹாலரன் அம்மாள் மட்டும் ஒன்பது வருஷமாக வந்து போகிறவள்.

ஹாலரன் எழுந்ததுமே சண்டைக்கு நின்றாள். "கைதான உடனே என் கட்சிக்காரர் எனக்கு போன் பண்ணார். வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னேன். அது அவரோட உரிமை. அவரும் திறக்கல. அதுக்கப்புறமும் மூணு மணி நேரம் உக்கார வச்சுக் கேள்வி கேட்டிருக்காங்க. அந்த வீடியோவை இங்க போடவே கூடாது."

"போலீஸ் கேக்கலாம், அவர் பேசாம இருக்கலாம். ரெண்டுமே சட்டம்தான்," என்றார் விட்கோம்ப். "ஆனா கடைசியில அவர் என்னவோ பேசியிருக்கார். அவங்க மொழியில. அது என்னன்னு தெரியணும். கடைசி இருபது நிமிஷம் போதும்."

ஹாலரன் மூன்று தடவை எழுந்து மறுத்தாள். ஒன்றுமே பேசாத வீடியோவுக்கு இந்த அம்மாள் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறாள் என்று உலிபிகாவுக்கு அப்போது புரியவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார் நீதிபதி.

சனிக்கிழமை பிங்கோ ஆட்டத்தில் எண்கள் தெரிகிற பெரிய திரையில் வீடியோ ஓடியது. சின்ன அறை. மேசைக்கு இந்தப் பக்கம் போலீஸ்காரர். அவர் அந்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பக்கம் சாலமோனி, உதட்டை ஒட்டவைத்தமாதிரி இறுக்கிக்கொண்டு. போலீஸ்காரர் ஆங்கிலத்தில் கேட்பது அவனுக்குப் புரியும்; கூடத்துக்காக உலிபிகா அதை இனுக்டிடுட்டில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னாள்.

"அன்னிக்குக் கிடங்குக்குப் போனியா?"

திரையில் சாலமோனி புருவத்தைத் தூக்கினான்.

கூடத்தில் எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. திரையில் போலீஸ்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பெருமூச்சு விட்டார், அடுத்த தாளைப் புரட்டினார். வக்கீல்கள் கையில் இருந்த எழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் இரண்டே வார்த்தை: பதில் இல்லை.

"தனியாவா போன?"

புருவம் மேலே போனது.

"உன்னாலதான் தீப்பிடிச்சுதா?" என்று கேட்டது போலீஸ்காரர், ஆனால் நம் மொழியில் அதைக் கேட்டது உலிபிகாவின் வாய். அவள் கேட்டு முடிக்கவும் திரையில் இருந்த அப்பா அவளுக்கே பதில் சொல்வதுபோல நிமிர்ந்து, கண்ணை மூடி, இரண்டு புருவத்தையும் நன்றாகத் தூக்கி அப்படியே வைத்திருந்தான்.

ஐயோ அப்பா, என்று அவள் மனசுக்குள் கத்தினாள். கைக்குழந்தை பேசுவதற்கு முன்னால் கற்றுக்கொள்கிற பதில் அது. கூடத்தில் இருந்த எண்பது பேருக்கும் அது காதில் விழுந்த மாதிரிதான். முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீதிபதி திரையைப் பார்த்தார், பிரதியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். விட்கோம்ப் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற புது போலீஸ்காரன் கொட்டாவி விட்டான். ஹாலரன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் பேனாவை இறுக்கியிருந்த இறுக்கில் நகம் வெளுத்திருந்தது. இவளுக்குத் தெரியும், முன்னாலேயே பார்த்திருக்கிறாள், அதனால்தான் அத்தனை மல்லுக்கட்டு.

"கிடங்கை நடத்துற சங்கத்துமேல கோபத்துல செஞ்சியா?" சாலமோனி மூக்கைச் சுருக்கினான். இல்லை.

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" மறுபடி மூக்கு. இல்லை.

திரையில் போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் போட்டார். "உன்னை மாதிரி ஒரு கல்லுளிமங்கனை நான் பாத்ததே இல்லப்பா."

கேட்டது, கேட்காதது எல்லாம் சொல்லிவிட்டவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது! உலிபிகா அதையும் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தாள். பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே உறைந்து நின்றது. குமாஸ்தா பெட்டியைத் தட்டினார், கம்பியைப் பிடுங்கிச் சொருகினார், உதட்டைப் பிதுக்கினார். பதினைந்து நிமிஷம் தேநீர் இடைவேளை என்றார் நீதிபதி.

உலிபிகா கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினாள். பனி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பார்த்ததையும் கேட்டதையும் உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்தவள் அவள். அல்லது கேட்டதை மட்டுமா? இருபத்தொரு வருஷத்தில் அந்த வாசகத்தை இத்தனை உற்று யோசித்ததில்லை. சொன்னால் அப்பா இன்றைக்கே விமானத்தில் தெற்கே போவான். சொல்லாவிட்டால் சித்தி மகனை உள்ளபடி காட்டிக்கொடுத்துவிட்டு அப்பாவை மூடி மறைத்தவள் ஆவாள். அதைப் பார்க்க எண்பது சாட்சிகள்.

"பாத்தியா?" என்று பின்னால் குரல் கேட்டது. நபாச்சி. கிடங்கைப் பார்த்துக்கொண்டவள், இன்னும் யாரையும் மன்னிக்காதவள்.

உலிபிகா புருவத்தைத் தூக்கினாள்.

"என் பையன் மூணு நாள் கடல்ல கிடந்து கொண்டாந்த திமிங்கிலத் தோல் அதுல இருந்துச்சு. குளிர்காலம் பூரா ஊரே டப்பாக் கறியைத் தின்னோம்."

"எங்க வீட்டு மானும் அதுலதான் போச்சு, நபாச்சி."

"அப்ப உள்ள போய்ச் சொல்லு. நீ சொல்லலேன்னா நான் எந்திரிச்சுச் சொல்லுவேன்."

"தெக்கே கொண்டுபோயிடுவாங்கடி. போனவங்க எத்தனை பேரு திரும்பி வந்தாங்க?"

நபாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கறி போனா போகுது. பதினேழு மாசமா நம்ம முகத்தைப் பாத்துக்கிட்டே ஊருக்குள்ள திரியறானே, ஒரு வார்த்தை சொன்னானா? அதான் எனக்கு எரியுது. நீயும் இப்ப அவனை மாதிரியே பொத்திக்கிட்டு உக்காந்தா, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். பாத்துக்க."

உள்ளே போகும்போது ஹாலரன் வாசலில் எதிர்ப்பட்டாள். மொழிபெயர்ப்பாளரிடம் வழக்கைப் பற்றி வக்கீல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஹாலரன் வாயைத் திறந்தாள், மூடினாள். "டீ நல்ல சூடா இருக்கு," என்றாள் கடைசியில், பாவம்.

திரை உயிர்பெற்றது. மிச்சம் இரண்டு நிமிஷம். போலீஸ்காரர் எழுந்து வெளியே போகிறார். அறையில் தனியாக உட்கார்ந்திருந்த சாலமோனி கதவைப் பார்த்து, நம் மொழியில், சன்னமாக என்னவோ சொல்கிறான். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

உலிபிகா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முதல் தடவையே தெளிவாகக் கேட்டிருந்தும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"நான் இங்க இருக்கேன்னு என் மகளுக்குச் சொல்லிடுங்க. போன தடவை சொல்லாம போயிட்டேன்." இதுதான் அவன் சொன்னது. அவள் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

விட்கோம்ப் துள்ளி எழுந்தார். "போன தடவைன்னா? இதுக்கு முன்னாடியும் எதையாவது கொளுத்தினாரா? அதுவுமில்லாம, இவருக்குக் கல்யாணமே ஆகலியே. எந்த மகள்?"

"நான்தான்," என்றாள் உலிபிகா.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அறுபது வயதுக்காரியையும் இருபத்து நாலு வயதுப் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். உலிபிகா கப்பலைச் சொன்னாள், பெயரைச் சொன்னாள். போன தடவை என்பது அவளுக்கு ஆறு வயதான கோடை என்று சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு அடங்கிவிட்டது. குமாஸ்தா படிவத்தை எடுத்துக் காட்டி, ஆமாம், காலையிலேயே சொன்னார்கள் என்றார்.

"ஒரு நிமிஷம்," என்றார் விட்கோம்ப். அவர் முகம் சிவந்திருந்தது. "இவ்வளவு பாசமா இருக்கிறவங்க மொழிபெயர்ப்பை நாங்க எப்படி நம்பறது? வேற எதையும் விடலைன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்விதான். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உலிபிகாவின் பக்கம் முழுசாகத் திரும்பினார். "அம்மா, உங்க சத்தியத்தை ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. இந்த வீடியோவுல அவர் வேற ஏதாவது சொன்னாரா? இந்தக் கோர்ட்டுக்குத் தெரியாதது எதுவும் இருக்கா?"

உலிபிகா ஆமாம் என்று சொல்ல நாக்கைப் புரட்டினாள், அது புரளவில்லை. இல்லை என்று சொல்லப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. கேட்டாகிவிட்டது, பதில் சொல்லியாக வேண்டும். அவள் யோசித்துச் செய்யவில்லை. புருவம் தானாக மேலே போனது.

நீதிபதி அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று அவள் நினைத்தாள். எண்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். நீதிபதியும் காத்திருந்தார்.

"கேள்வி புரிஞ்சுதாம்மா? வேற ஏதாவது சொன்னாரா?"

இந்தத் தடவை தெரிந்தேதான் செய்தாள். நெற்றி சுருங்க, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, இரண்டு புருவத்தையும் நன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டு நீதிபதியின் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள்.

நீதிபதி ஜன்னலைப் பார்த்தார். மலை உச்சியில் மேகம் வெள்ளையாக வழியத் தொடங்கியிருந்தது. "பதில் இல்லைன்னு பதிவு பண்ணுங்க," என்றார் குமாஸ்தாவிடம். "அப்பா பத்திப் பேசி மனசு கலங்கியிருக்காங்க. வேற எதுவும் இல்லைன்னு எடுத்துக்கறேன்."

அப்போது முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நபாச்சி எழுந்து நின்றாள்.

சாலமோனி தலையைக் குனிந்துகொண்டான். ஹாலரன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த அம்மா ஏதாவது சொல்லணுமா? கேளுங்க," என்றார் நீதிபதி.

உலிபிகா கேட்டாள். வேறு யார் கேட்பது? என்ன சொன்னாலும் அதை எழுத்துப் பிசகாமல் மாற்றிச் சொல்ல வேண்டியவளும் அவளேதான். நபாச்சி அவள் முகத்தை, ரொம்ப நேரம், அந்த நெற்றியை, பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்.

"டீ குடிக்கிறாரான்னு கேளு அந்த மனுஷனை." உலிபிகா அதை அப்படியே மொழிபெயர்த்தாள்.

வேண்டாம் என்றார் நீதிபதி, ரொம்ப நன்றி என்றார், விமானத்துக்கு நேரமாகிறது என்றார்.

அதற்குப்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. வீடியோவில் வழக்குக்கு உதவுகிற பேச்சு எதுவும் இல்லை என்று நீதிபதி தீர்த்துவிட்டார். பனிவண்டியைப் பார்த்த ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது, வழக்கை நிறுத்திவைக்கிறோம் என்றார் விட்கோம்ப். இரண்டரை மணிக்குப் பெட்டிகளைக் கட்டியாயிற்று.

ஓடுதளத்தில் ஹாலரன் சாலமோனியைத் தனியே கூப்பிட்டாள், உலிபிகாவையும் கூப்பிட்டாள். "இதை அவருக்குத் தெளிவா சொல்லிடுங்க. வழக்கை நிறுத்தித்தான் வச்சிருக்காங்க, முடிக்கல. ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப எடுக்கலாம். அதுவரைக்கும் இதைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. யார்கிட்டயும்." சொல்லிவிட்டுத் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதையும்தான். இதை அன்னிக்கே சொல்லாதது என் தப்பு."

உலிபிகா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"நான் வாயைத் திறக்கவே இல்லையே," என்றான் சாலமோனி, குழம்பிப்போய். "அந்த மனுஷன் மூணு மணி நேரமா கேட்டுக்கிட்டே இருந்தாரு. மரியாதைக்குப் பதில் சொல்லணும்ல?"

விமானம் மேகத்துக்குள் நுழைந்து மறைந்தது. இருவரும் ஊர்க்கூடத்துப் பக்கமாகத் திரும்பி நடந்தார்கள். உலிபிகா வாசலில் நின்றாள். கோர்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் நாற்காலிகள் காலியாகவில்லை. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. மேசையும் திரையும் மட்டும் ஓரத்துக்குப் போயிருந்தன. நபாச்சி முன்வரிசையில் அதே இடத்தில் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. சாலமோனி உள்ளே பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினான்.

"மகளே, யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னுதானே வக்கீலம்மா சொன்னாங்க?"

"சொன்னாங்க. நான் உனக்கு மாத்தியும் சொல்லிட்டேன். அதோட மொழிபெயர்ப்பாளர் வேலை முடிஞ்சுது."

"இங்க எண்பது பேர் இருக்காங்க. ஒருத்தர் போய்ச் சொன்னாலும் நான் தெக்கே போயிடுவேன்."

"ஆமா," என்றாள் உலிபிகா, இந்தத் தடவை வாயால். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பது பேரும் இன்றைக்கு அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக அவனால் தர முடிவது அவன் வாயால் சொல்கிற உண்மை ஒன்றுதான். பேசச் சொல்லவும் பயமாயிருந்தது, சொல்லாமல் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் முடியவில்லை. அறுபது வருஷத்தில் யாரையும் கேட்காத மாதிரி, முகத்துக்கு நேராக, புருவத்தாலும் மூக்காலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?"

சாலமோனி அவளைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான். பிறகு குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போய், நபாச்சிக்கு எதிரில் நின்றான். பதினேழு மாதம் மூடிக் கிடந்த வாய் சட்டென்று திறக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

"கிடங்குத் தாழ்ப்பாள் உறைஞ்சு கிடந்துச்சு," என்றான். "உருக்கறதுக்கு ஊதுவிளக்குத் தீயைக் காட்டினேன். சுவத்துல பிடிச்சுக்கிச்சு." திரும்பி வாசலில் நின்ற உலிபிகாவைப் பார்த்தான். "என் மகளுக்குக் காய்ச்சல். மீன் கேட்டா."